நண்டு சாகவில்லை... தோண்டாதீர்கள்!

கம்மாபுரத்தில் கடல் கிடையாது. நெல் உண்டு, கரும்பு உண்டு. ஒரு பக்கம் நெய்வேலிச் சுரங்கம், இன்னொரு பக்கம் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள். கடல் பார்க்க ஆசைப்பட்டால் கடலூருக்கோ பரங்கிப்பேட்டைக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனாலும் மீன் தொட்டி வைத்திருக்கிற வீடுகளுக்குக் கடற்கரை உயிர் ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது. சங்கைத் தூக்கிக்கொண்டு நடக்கும் துறவி நண்டு! சில வீடுகளில் மீன் கடையில் வாங்கியது, சில வீடுகளில் டூர் போன பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கொண்டு வந்தது.

அப்புறம் நடப்பதெல்லாம் எங்கே பார்த்தாலும் ஒரே கதைதான். முதல் வாரம் தெருவே வந்து வேடிக்கை பார்க்கும். மூன்றாவது வாரம் நண்டு சாப்பிடாது, அசையாது. பிறகு ஒரு நாள் மணலுக்குள் போய்விடும். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டில் யாராவது ஒரு கரண்டியை எடுத்துத் தோண்டுவார்கள். வெளுத்துப் போன, மெத்தென்று, தொட்டாலும் அசையாத ஒன்று கிடைக்கும். பக்கத்திலேயே கழன்று விழுந்த காலும் கொடுக்கும். "ஐயோ, செத்துப்போச்சு, காலெல்லாம் தனித்தனியா கழண்டுடுச்சு" என்று சொல்லி, பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

பெரும்பாலும் அந்த நண்டு செத்திருக்காது. சட்டை உரித்துக்கொண்டிருந்திருக்கும். அதைக் கொன்றது நோயோ வயசோ இல்லை, அந்தக் கரண்டி.

பாம்பு சட்டை உரிக்கும் என்பது நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரப்பில் கிடக்கும் பாம்புச் சட்டையைப் பார்த்து "பாம்பு செத்துப்போச்சு" என்று யாராவது சொல்வார்களா? "ஜாக்கிரதை, பக்கத்துல எங்கியோ இருக்கு" என்றுதான் சொல்வார்கள். நண்டு விஷயத்தில் மட்டும் இந்த அறிவு எங்கே போகிறதோ தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் இதைத் தொழிலாகவே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விருத்தாசலத்து மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. அந்த முகத்துவாரப் பக்கத்து இறால் பண்ணைக்காரர்களிடம் கேட்டால் "மோல்டிங்" என்று ஆங்கிலத்திலேயே சொல்வார்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி இறால் ஓடு உரிக்கும் என்று கணக்கு வைத்து, அந்த நாட்களில் தீவனத்தைக் குறைத்து, குளத்துக்கு மினரல் போடுகிறார்கள். ஏனென்றால் ஓடு உரித்த இறால் பஞ்சு மாதிரி இருக்கும். மற்ற இறால் அதைத் தின்றுவிடும், கொஞ்சம் பிராணவாயு குறைந்தாலும் செத்துவிடும். அங்கே பணம் போட்டிருக்கிறார்கள், அதனால் கவனம். வீட்டுத் தொட்டி நண்டின் விலை கம்மி, அதனால் அலட்சியம். இவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

நண்டுக்கு எலும்பு வெளியே இருக்கிறது. அந்த ஓடு வளராது. உடம்பு வளர வேண்டுமென்றால் பழையதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். (முதுகில் தூக்கித் திரியும் சங்கு வேறு, அது செத்துப்போன ஏதோ ஒரு நத்தையின் வீடு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.) கண் காம்பில் உள்ள ஒரு சுரப்பி "இப்போ வேண்டாம்" என்று தடுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தடை குறைந்ததும் இன்னொரு சுரப்பி ஓடு உரிக்கும் ஹார்மோனை விடும். அதற்கு முன்னால் நண்டு நிறையத் தின்னும், நிறையத் தண்ணீர் குடிக்கும், சங்குக்குள்ளும் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். நிறம் மங்கும், கண் பால் படர்ந்த மாதிரி ஆகும், சுறுசுறுப்பு போய்விடும். ஏற்கனவே கால் இழந்த நண்டாக இருந்தால் அந்த இடத்தில் ஜெல்லி மாதிரி ஒரு சின்ன மொட்டு வரும். அதுதான் புதுக்கால்!

பிறகு ஈர மணலில் இறங்கி, தனக்கென்று ஒரு குகை செய்துகொண்டு, இருட்டில் பழைய ஓட்டைக் கழற்றும். கழற்றுவதற்குச் சில மணி நேரம்தான். அதற்குப் பிறகுதான் நீண்ட வேலை. புது ஓடு கெட்டியாகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதற்காகக் கழற்றிப் போட்ட ஓட்டையே உட்கார்ந்து தின்னும். சின்ன நண்டுக்கு 2 முதல் 4 வாரம், நடுத்தரத்துக்கு 4 முதல் 8 வாரம், பெரிய நண்டுக்கு 3 மாதம்கூட ஆகலாம். பத்தாம் நாள் தோண்டினால் அறுவை சிகிச்சை நடக்கும்போது கரண்ட்டை நிறுத்துவதற்குச் சமம். குகை இடிந்துவிடும், மெத்தென்ற உடம்பில் மணல் குத்தும், சாப்பாட்டுக்கு வைத்திருந்த பழைய ஓட்டை நாமே "காலெல்லாம் கழண்டுடுச்சு" என்று எடுத்துப் போட்டுவிடுவோம்.

செத்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பார்கள். மூக்கு இருக்கிறதே! செத்த நண்டு நாறும். லேசான மண் வாசனை, கடல் வாசனை எல்லாம் இல்லை, இரண்டு நாள் வெயிலில் கிடந்த மீன் நாறுகிற மாதிரி நாறும். அப்படி ஒரு நாற்றம் வராத வரை உள்ளே இருப்பது உயிருள்ள நண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வெளியே கிடைத்த காலைக் கையில் எடுத்துப் பாருங்கள், உள்ளே காலியாக இருந்தால் அது கழற்றிய சட்டை.

இப்போது விற்பவர்கள் விஷயம். இங்கேதான் கோபம் வருகிறது.

கம்பிக் கூண்டு, அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கலர் கல், ஒரு ஈர ஸ்பாஞ்சு, முதுகில் பெயிண்ட் அடித்த சங்கு. "மெயின்டெனன்ஸே இல்லை சார், பிஸ்கட் போட்டா போதும்" என்கிறார்கள். உலகம் முழுக்க இந்த நண்டை இப்படித்தான் விற்கிறார்கள். இதில் ஒவ்வொன்றும் நண்டு ஓடு உரிப்பதற்கு எதிரி. ஒரு விரல் கல்லில் எந்த நண்டு புதையும்? கம்பிக் கூண்டில் ஈரம் நிற்குமா? நில நண்டாக மாறினாலும் அது மூச்சு விடுவது செவுளால்தான். செவுள் காய்ந்தால் மூச்சு நிற்கும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அக்னி நட்சத்திரத்தில் விருத்தாசலம் வட்டாரத்தில் தகர ஷீட் போட்ட வீட்டுக்குள் கம்பிக் கூண்டு என்றால் அது கூண்டு இல்லை, சூளை.

வணிகக் கணக்கு போட்டுப் பார்த்தால் இது ஏன் மாறாது என்று புரியும். நண்டைக் கடற்கரையில் பொறுக்குவதற்கு உற்பத்திச் செலவு கிடையாது. பண்ணையில் வளர்ப்பதும் சுலபம் இல்லை, முட்டை கடலில் பொரிந்து, குஞ்சு வாரக்கணக்கில் கடலில் மிதந்து, பிறகுதான் ஒரு சின்னச் சங்கைத் தேடிக் கரையேறும். அதனால் விற்பனைக்கு வரும் நண்டு கிட்டத்தட்ட எல்லாமே காட்டில் பிடித்ததுதான். இயற்கையில் 30 வருஷம் வாழக்கூடிய உயிர் அது. 30 வருஷம் வாழ்ந்தால் கடைக்காரருக்கு ஒரு நண்டு விற்கும், மூன்று மாதத்தில் செத்தால் வருஷத்துக்கு நான்கு விற்கும். "மண்ணுக்குள்ள போனா தொந்தரவு பண்ணாதீங்க" என்று ஒரு வரி சொல்வதற்குக் காசா பணமா? ஆனால் அதைச் சொன்னால் ஆழமான தொட்டி, மணல், மூடி என்று அடுத்த கேள்வி வரும், நண்டை விடப் பத்து மடங்கு செலவு என்று வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார். மௌனம்தான் இங்கே விற்பனை உத்தி.

வாங்குகிறவர்களும் யோக்கியம் இல்லை. ஒரு செல்போன் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், உயிருள்ள ஒன்றை வாங்கும்போது "என்ன சாப்பிடும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஏற்கனவே வீட்டுக்கு வந்துவிட்ட நண்டை என்ன செய்வது? இதற்குப் பெரிய ஞானம் வேண்டாம். நண்டுக்கு உதவுவது என்றால் முக்கால்வாசி வேலை அது மண்ணுக்குள் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். போன பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் உதவி.

கண்ணாடித் தொட்டி வேண்டும், மூடியோடு. பழைய மீன் தொட்டி ஒழுகினாலும் பரவாயில்லை, இதற்குப் போதும். மணல் குறைந்தது 6 அங்குலம், தொட்டியில் இருக்கும் பெரிய நண்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு, எது அதிகமோ அது. கழுவிய மெல்லிய மணல் 5 பங்கு, தேங்காய் நார்த்தூள் 1 பங்கு. பிள்ளைகள் கடற்கரையில் கோட்டை கட்டுவார்களே, விரலால் குத்தினால் ஓட்டை இடியாமல் நிற்குமே, அந்த ஈரம். தண்ணீர் அடியில் தேங்கக்கூடாது. நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. களிமண் கைக்கெட்டும் தூரத்தில் சும்மா கிடைக்கிறது என்று அதை அள்ளிப் போடாதீர்கள். பொம்மை வார்க்கிற மண் காய்ந்தால் எப்படி இறுகும் என்று விருத்தாசலத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குள் மாட்டிய நண்டு நிஜமாகவே பொம்மை ஆகிவிடும்.

விருத்தாசலம் உதவுவது வேறு இடத்தில். இரண்டு பீங்கான் கிண்ணம். தகரம், பித்தளை எல்லாம் உப்புத் தண்ணீரில் அரித்து விஷமாகும், பீங்கானுக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் கடல் தண்ணீர். இரண்டும் கட்டாயம், சங்குக்குள் இருக்கும் தண்ணீரின் உப்பைச் சரிசெய்துகொள்ள நண்டு இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்கும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும், ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்ற வேண்டும். கடல் தண்ணீர் என்றால் சமையல் உப்பைக் கரைப்பது இல்லை! மீன் கடையில் கடல் மீன்களுக்கென்று விற்கும் உப்பு, லிட்டருக்கு 35 கிராம். கிண்ணம் வழவழவென்று இருப்பதால் உள்ளே நாலு கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் ஏற முடியாமல் மூழ்கிவிடும்.

காற்றில் ஈரப்பதம் 75 முதல் 85 சதவீதம், சூடு 24 முதல் 29 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கித் தொட்டிக்குள் ஒட்டிவிடுங்கள், யூகம் வேண்டாம். ஜன்னல் வெயில் ஆகவே ஆகாது.

சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து முக்கியம். நாட்டு மருந்துக் கடையில் "கடல் நுரை" என்று கேட்டால் கணவாய் ஓடு கொடுப்பார்கள், அதில் ஒரு துண்டு. முட்டை ஓட்டுப் பொடி, உப்பில்லாத மீன், தேங்காய், முருங்கைக்கீரை. கருவாடு வேண்டாம், உப்பு.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று, கொசுவத்தி. கொசு மருந்து, எறும்பு சாக்பீஸ் இவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து நண்டு, இறால் இனத்துக்குக் கொடிய விஷம். பூச்சியும் நண்டும் தூரத்துச் சொந்தம்தானே. ஆனால் எறும்பை விடவும் முடியாது, சட்டை உரித்த நண்டுக்கு எறும்பு எமன். பாட்டி காலத்துப் பலகார அலமாரிக்கு என்ன செய்தார்கள்? நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினார்கள். தொட்டி ஸ்டாண்டுக்கும் அதே வைத்தியம்தான் :-)

சில நேரம் மணல் சரியில்லாமல், அல்லது பலவீனத்தால், நண்டு மேலேயே சட்டையை உரித்துவிடும். அப்போதும் தொடாதீர்கள். பெரிய பிளாஸ்டிக் பாட்டிலை இரண்டு பக்கமும் வெட்டி, குழாய் மாதிரி அதைச் சுற்றி மணலில் அழுத்தி நிறுத்துங்கள், மற்ற நண்டு வந்து தின்னாமல் இருக்க. மேலே ஒரு துணி போட்டு இருட்டாக்குங்கள். கழற்றிய ஓடு பக்கத்திலேயே இருக்கட்டும். அவ்வளவுதான், உங்கள் வேலை முடிந்தது. "பாவம், தண்ணீர் தெளிக்கிறேன்" என்று ஆரம்பித்தால் அதுவும் கரண்டி கேஸ்தான்.

"ஒரு நண்டுக்கு இவ்வளவா? குழம்பு வைக்கிறோமே!" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கேட்கட்டும். குழம்பு வைக்கிறவர் அதை "செல்லம்" என்று சொல்வதில்லை, பிள்ளைக்கு உயிர்கள் மேல் அன்பு வரட்டும் என்று சொல்லியும் வாங்குவதில்லை. அன்பு என்ற பெயரில் வாங்கி, தாகத்தில் வைத்து, பாதி உரித்த உடம்போடு குப்பையில் போடுவதைவிட நண்டுக் குழம்பு எவ்வளவோ நேர்மையானது.

"சரி, பாவம், கடலிலேயே விட்டுடலாம்" என்பது அடுத்த கட்சி. எந்த நண்டு என்று தெரியாமல் இதையும் செய்யக்கூடாது. கடற்கரை ஓரத்துத் தண்ணீரில், முகத்துவாரச் சேற்றில் நாம் பார்க்கும் சின்னத் துறவி நண்டுகள் பெரும்பாலும் நீரில் வாழ்பவை. பாட்டிலில் கொண்டு வந்து நல்ல தண்ணீரிலோ உலர்ந்த மணலிலோ வைத்தால் சில நாள்கூடத் தாங்காது. அவற்றை எடுக்கவே கூடாது, பிள்ளை அழுதாலும். கடையில் விற்பது நில நண்டு, தண்ணீரில் நிரந்தரமாக மூழ்கினால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். அதைக் கடலில் வீசுவது விடுதலை இல்லை. எந்தக் கடற்கரையிலிருந்து பிடித்தது என்று தெரியாமல் ஏதோ ஒரு கரையில் விடுவதும் சரியில்லை. வாங்கியவர் வைத்துக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

சங்கு பற்றியும் ஒரு வார்த்தை. சட்டை உரித்து வளர்ந்த நண்டுக்குப் பெரிய வீடு வேண்டும். ஒரு நண்டுக்கு நாலைந்து காலிச் சங்கு, வெவ்வேறு அளவில், தொட்டியிலேயே கிடக்க வேண்டும். பெயிண்ட் அடித்தது வேண்டாம், உரியும் பெயிண்ட் வயிற்றுக்குள் போகும். "பீங்கானில் சங்கு செய்து கொடுத்தால் என்ன, நம்ம ஊர்த் தொழிலும் வளருமே" என்று தோன்றலாம். தோன்றுவதோடு விட்டுவிடுங்கள். சங்கின் நடுவே திருகாகப் போகும் தூணைத்தான் நண்டு வால் நுனியால் பிடித்துக்கொள்கிறது. கனத்தையும் வாயின் அளவையும் தடவித் தடவிப் பார்த்துத்தான் குடியேறும். அச்சில் வார்த்த பொம்மை இந்தத் தேர்வில் தேறுவது கஷ்டம். அதைவிடச் சுலபம், தோட்டத்தை நாசம் பண்ணும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை செத்தால் அதன் கூட்டை நன்றாகக் கொதிக்க வைத்துப் போடலாம். தீவுகளில் நில நண்டுகள் அதைத் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. கடைச் சங்கு வாங்கினால் அதற்காக எந்த நத்தையை உயிரோடு எடுத்தார்களோ என்ற கேள்வி இருக்கும், இதில் அந்தச் சிக்கல் இல்லை.

வெளியே ஏற்கனவே சங்குப் பஞ்சம். 2024ல் வெளியான ஓர் ஆய்வில், மக்கள் இணையத்தில் போட்ட படங்களைத் தேடிப் பார்த்ததில் 386 நில நண்டுகள் சங்குக்குப் பதில் செயற்கைப் பொருளை மாட்டிக்கொண்டிருந்தன, பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடி. உலகில் உள்ள 16 நில நண்டு வகைகளில் 10 வகை இதில் சேர்ந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹென்டர்சன் தீவிலும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 5,70,000 நண்டுகள் பாட்டில், டப்பாக்களுக்குள் விழுந்து ஏற முடியாமல் சாகின்றன என்று 2020ல் அச்சான இன்னொரு ஆய்வு கணக்குப் போட்டது. ஒன்று செத்தால் அந்த வாசனைக்கு "இங்கே சங்கு காலி" என்று அர்த்தம், அதை நம்பி அடுத்தது வரும், அதுவும் உள்ளே விழும்.

ஜப்பான் 1970லேயே நில நண்டுகளை இயற்கைச் சின்னமாக அறிவித்து, அனுமதி பெற்றவர் தவிர யாரும் பிடிக்கக்கூடாது என்று வைத்துவிட்டது. நம் நாட்டில் நிகோபார் பக்கத்துத் தென்னை நண்டு, இந்தத் துறவியின் பெரியப்பா, 4 கிலோ வரை வளரக்கூடியது, வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு உட்கார்ந்திருக்கிறது. சின்ன நண்டுக்கு அந்த மரியாதை இல்லை. புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடை வாசலிலேயே திரும்பிவிட்டால் சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஏற்கனவே தொட்டி வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, நண்டு மண்ணுக்குள் போன தேதியைத் தொட்டியின் கண்ணாடியில் எழுதி வையுங்கள். கீழே பெரிய எழுத்தில் "தோண்டாதே" என்றும். வீட்டுக்கு வருகிற மாமா, அத்தை எல்லோரும் படிக்கிற மாதிரி. கரண்டியைச் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள்.